திக்கித் திணறும் காணொளி

அந்தமான் தீவுகளின் மிக உயரமான சிகரமாகிய சாடில் மலைமுடி (732 மீட்டர்), வட அந்தமானில் திக்லிபூருக்கு அருகில் உள்ளது. தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து இவ்வூர் சாலைவழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. புதிய கணினியோ உதிரிப் பாகமோ இங்கு வந்துசேர வேண்டுமாயின், பெருநிலத்திலிருந்து கடலைக் கடந்து, பின்னர் அந்தமான் நெடுஞ்சாலையையும் கடக்க வேண்டும். ஆதலால், வீட்டிலுள்ள பழைய கணினியில் பாடக் காணொளி விட்டுவிட்டு ஓடும்போது, 'கணினி பழையதாகிவிட்டது. புதியது வாங்க வேண்டும்' என்று உடனே முடிவு செய்தல் தகாது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் கூறும் நெறி. அந்நெறி கணினிக்கும் பொருந்தும்.

காணொளி என்பது உண்மையில் அசையாப் படங்களின் தொகுப்பு. ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் அடுத்தடுத்துத் தோன்றும்போது, அவை அசைவதாகக் கண் உணர்கிறது. நொடிக்கு 25 படங்கள் எனில், ஒவ்வொரு படமும் ஒரு நொடியின் 25இல் ஒரு பங்கு நேரத்திற்குள் ஆயத்தமாக வேண்டும். அந்நேரத்தில் படம் ஆயத்தமாகாவிடில், பழைய படமே திரையில் நிற்கும். அல்லது சில படங்கள் விடுபடும். இதையே 'திக்குகிறது' என்கிறோம்.

படம் உரிய நேரத்தில் ஆயத்தமாகாமைக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களுள் ஒன்று இருக்கும். ஒன்று, தரவு கணினிக்கு வந்துசேரவில்லை. மற்றொன்று, தரவு வந்துசேர்ந்தும் அதை விரித்துப் படமாக்கக் கணினியால் இயலவில்லை.

முதற்காரணம் அந்தமான் மக்களுக்குப் பழக்கமானது. நெடுங்காலம் இத்தீவுகள் இணையத்திற்குச் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தன. குறைந்த அளவே கிடைத்த அவ்விணைப்பைப் பலரும் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டிற்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம், தலைநகரையும் ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் முதலிய இடங்களையும் இணைக்கிறது. திக்லிபூர் அவ்வடம் நேராகக் கரையேறும் இடங்களுள் ஒன்றன்று. எஞ்சிய தொலைவை வேறு இணைப்புகள் கடக்க வேண்டும். எனவே, காணொளி நின்றவுடன் 'இணையம் சரியில்லை' என்று கருதும் வழக்கம் எளிதில் மறையவில்லை. ஆனால், எல்லாத் தடங்கலுக்கும் இணையம் காரணமாகாது.

இரண்டாம் காரணம் கணினிக்குள் இருக்கிறது. காணொளிகள் சுருக்கப்பட்ட வடிவில் வருகின்றன. சுருக்கும் முறைகள் பல. 2003இல் வெளிவந்த எச்.264 முறையைப் பழைய கணினிகள் பலவும் எளிதில் விரிக்கும். 2013இல் வந்த எச்.265, 2018இல் வந்த ஏவி1 ஆகியவை தரவை மேலும் சுருக்குகின்றன. ஆனால் விரிப்பதற்கு மிகுந்த உழைப்பைக் கோருகின்றன. புதிய கணினிகளில் இதற்கெனத் தனிச் சுற்று உண்டு. பழைய கணினியில் அச்சுற்று இல்லாமையால், மையச் செயலியே முழுச் சுமையையும் தாங்குகிறது. இணையச் சுமையைக் குறைக்க வந்த முறையே பழைய கணினியின் சுமையைக் கூட்டிவிடுகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. படமும் ஒலியும் ஒருங்கே நின்று, திரையின் நடுவே வட்டம் சுழன்றால், தரவு வரவில்லை என்று பொருள். ஒலி தடையின்றிச் செல்ல, படம் மட்டும் தாவித் தாவி நகர்ந்தால், கணினி திணறுகிறது என்று பொருள். ஐயம் நீங்க ஒரு சோதனை உண்டு. காணொளியைப் பென்டிரைவ் வழியாகக் கணினியின் வன்தட்டில் படியெடுத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது சீராக ஓடினால், குறை இணையத்தினுடையது. அப்போதும் திக்கினால், குறை கணினியினுடையது. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். காணொளி ஓடுகையில் அதில் செயலியின் பயன்பாடு 100 விழுக்காட்டை ஒட்டியே நிற்குமாயின், அம்முடிவு உறுதியாகும்.

குறை இணையத்தினுடையதாயின், காணொளியின் தரத்தைக் குறைக்கலாம். முன்கூட்டியே பதிவிறக்கி வைக்கலாம். வை-ஃபைக்கு மாற்றாக மோடத்திலிருந்து கம்பி வழியே கணினியை இணைத்துப் பார்க்கலாம்.

குறை கணினியினுடையதாயினும் தரத்தைக் குறைத்தல் உதவும். 1080 தரத்தில் ஒரு படத்திற்கு 20,73,600 புள்ளிகள். 480 தரத்தில் ஏறத்தாழ 4,10,000 புள்ளிகளே. உழைப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சிறிய திரையில் பாடம் பயில இத்தரம் பெரும்பாலும் போதுமானது. தேவையற்ற நிரல்களையும் உலாவியில் திறந்திருக்கும் பக்கங்களையும் மூட வேண்டும். வரைகலைக்கான இயக்கி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். எச்.265 முறையில் அமைந்த கோப்பை, ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் எச்.264 முறைக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு நெடுநேரம் ஆகும். ஆயினும் ஒருமுறை மாற்றினால் போதும்.

சில கணினிகளில் முதற் பத்து நிமிடம் சீராக ஓடும் காணொளி, பின்னரே திக்கத் தொடங்கும். இது வெப்பத்தின் அறிகுறி. சூடு மிகும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஈரக்காற்றும் கடலுப்பும் நிறைந்த தீவுகளில் விசிறியில் தூசி ஒட்டிப் படிவது இயல்பு. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிய பின், பெரியவர் ஒருவரின் துணையோடு மென்மையான தூரிகையால் தூசியை அகற்ற வேண்டும். இதற்குச் செலவில்லை.

நினைவகத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்பது பரவலான எண்ணம். நினைவகம் நிரம்பியிருந்தால் மட்டுமே அது பயன்தரும். செயலி திணறும் கணினியில் எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும் படம் திக்கவே செய்யும். காரணம் அறியாது செய்யும் செலவு வீணாகிறது. காரணமறிந்தால், பத்தாண்டு கண்ட கணினியும் ஒரு மாணவரின் படிப்பிற்கு இன்னும் சில ஆண்டுகள் துணைநிற்கக் கூடும்.

சிந்தித்து விடையளிக்க.

1. பென்டிரைவிலிருந்து படியெடுத்த காணொளி சீராக ஓடுகிறது. அதே காணொளி இணையத்தில் நின்றுநின்று ஓடுகிறது. காரணம் யாது? தீர்வுகள் இரண்டு கூறுக.

2. ஒலி சீராகக் கேட்கிறது. படம் மட்டும் தாவுகிறது. முதலில் செய்ய வேண்டிய சோதனை எது? ஏன்?

3. உங்கள் வீட்டிலுள்ள பழைய கருவி ஒன்றின் குறையை எவ்வாறு கண்டறியலாம் என்பதைப் படிப்படியாக எழுதுக.