ரத்தசோகையா? சிறுநீரகத்தையும் பாருங்கள்

புதுக்கோட்டைப் பக்கம் ஒருவர் சோர்ந்து, முகம் வெளுத்துப்போனால் முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்வார்கள். பிறகு இரும்புச்சத்து மாத்திரை. மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா?

சிறுநீரகத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

கழிவை வடிகட்டுவது மட்டும் அதன் வேலையல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதும் சிறுநீரகம்தான். அந்த ஹார்மோன் தூண்டினால்தான் எலும்பு மஜ்ஜை போதிய சிவப்பணுக்களை உருவாக்கும். சிறுநீரகம் நாள்பட்டுப் பழுதாகும்போது சுரப்பு குறைகிறது. உடலில் இருக்கும் இரும்பும் சரிவரப் பயன்படாமல் போகிறது.

சிகாகோ விஞ்ஞானி யூஜின் கோல்ட்வாசர் குழு, ஜப்பானிய நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்து 1977-இல் அறிவித்தது. மரபணு முறையில் தயாரான ஊசிமருந்துக்கு 1989-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இன்று டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு அதுவே துணை.

சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பவை சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதை வாங்குவோர், ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இறங்கி, காரணமும் புலப்படாவிட்டால் இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.