வறியோர்க்கான தொழின்முயற்சியும் நிதி வேண்டும் விண்ணப்பமும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே 'இரவு' என ஓரதிகாரமும், அதனையடுத்து 'இரவச்சம்' என மற்றோரதிகாரமும் வகுத்துள்ளார். இரத்தலும் தகும் என உணர்த்திய புலவரே இரத்தற்கு அஞ்சுக எனவும் உணர்த்துதல் முதனோக்கில் முரண்போலத் தோன்றும். சிறிது ஆராயின் முரணின்மை புலனாகும். தகுதியுடையாரிடத்துத் தகுதியான முறையில் வேண்டுதல் வேறு. வேண்டுதலையே வாழ்வாகக் கொள்ளுதல் வேறு. தனக்கென இரவாது ஊர்ப் பொதுநன்மை கருதி ஒரு தாபனத்தின்முன் விண்ணப்பத்தோடு நிற்பவனுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். அத்தகைய விண்ணப்பம் எக்காரணத்தால் வேண்டப்படுகின்றது, எவ்வாறு அமைதல் வேண்டும், எங்கே தவறுகின்றது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

முதற்கண், சமூகத் தொழின்முயற்சி என்பது யாது? வணிகன் பொருளை விற்று ஊதியம் பெறுகின்றான். அவ்வூதியமே அவன் நோக்கம். அறநிலையம் பொருளை இலவசமாகக் கொடுக்கின்றது. கொடுப்பதற்குப் பிறரிடம் பெறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே சமூகத் தொழின்முயற்சி. அது வணிகனைப்போல விற்கின்றது, கணக்கு வைக்கின்றது, செலவை வரவால் ஈடுசெய்ய முயல்கின்றது. ஆயின், அதன் நோக்கம் ஊதியமன்று. குறைந்த வருவாயுடைய மக்களின் ஒரு குறையைத் தீர்த்தலே அதன் நோக்கம். எஞ்சும் பொருள் மீண்டும் அப்பணிக்கே செல்லும்.

தன் வரவால் வாழும் நோக்குடைய முயற்சி நன்கொடையை நாடுவதேன் என வினவலாம். மூன்று காரணங்கள் உள. புதிய முறையொன்றைச் சோதித்துப் பார்க்குங் காலத்தில் வரவு இராது. செலவு மட்டும் இருக்கும். சோதனை தோல்வியுறவுங் கூடுமாதலால் அதற்குக் கடன்வாங்குதல் பேதைமை. இஃது ஒன்று. வாங்குவோருள் மிக வறியவர் முழுவிலை கொடுக்கமாட்டார். அக்குறையை யாரேனும் நிரப்புதல் வேண்டும். இஃது இரண்டு. பயிற்சி, நோய்த்தடுப்பு, மக்களை விழிப்புறச் செய்தல் முதலியவற்றின் பயன் ஊர் முழுவதற்கும் செல்லும். அதற்குத் தனியொருவர் விலைகொடார். இஃது மூன்று. இம்மூன்றனுள் எதன்பொருட்டுத் தாம் நிதி வேண்டுகின்றனர் என்பதை விண்ணப்பிப்போர் தெளிதல் வேண்டும். மூன்றனுள் ஒன்றேனும் இல்லையெனின் அவர்க்கு வேண்டுவது கடனேயன்றி நன்கொடையன்று.

இனி, நடந்த வரலாறுகள் சிலவற்றை நோக்குவாம்.

வங்காளதேசத்திலே 1974 ஆம் ஆண்டிற் கொடிய பஞ்சம் நிகழ்ந்தது. அப்பொழுது சிட்டகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியற் பேராசிரியராயிருந்த முகமது யூனூஸ், அயலிலுள்ள யோப்ரா என்னுங் கிராமத்து மக்களின் கடன்நிலையை ஆராய்ந்தார். நாற்பத்திரண்டு பேரைக் கடுவட்டிக்காரரின் பிடியினின்றும் மீட்க வேண்டிய தொகை ஏறக்குறைய 27 அமெரிக்க டொலரே எனக் கண்டு, 1976 இல் அத்தொகையைத் தம் கையினின்றும் கடனாகக் கொடுத்தார். பின்னர் வங்கியை அணுகியபோது, ஈடுவைக்க ஒன்றுமில்லாதவர்க்குக் கடனில்லை என்றனர். அவரோ தாமே பிணைநின்று கடன்பெற்றார். 1979 இல் மத்திய வங்கியின் துணையுடன் தாங்கயில் மாவட்டத்திற்கு அம்முயற்சி விரிந்தது. 1983 இல் தனிச் சட்டத்தால் கிராமின் வங்கி என நிறுவப்பெற்றது. இவ்விரிவிற்குப் பிறநாட்டு நிதியும் துணைசெய்தது. அவற்றுள் போட் தாபனம் உதவியமுறை குறிப்பிடத்தக்கது. கடன் திரும்பாதுவிடின் வங்கிகளுக்கு நேரும் நட்டத்தை ஈடுசெய்யும் பொறுப்பு நிதியாக அஃது உதவிற்று. வங்கிகளின் அச்சத்தை நீக்குதலே அந்நிதியின் பணி. 1995 இல் இனி நன்கொடை வேண்டுவதில்லை என அவ்வங்கி தீர்மானித்தது; முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்ட இறுதித் தவணை 1998 இல் வந்தது. தொடக்கத்தில் வேண்டினர், வளர்ந்தபின் நிறுத்தினர். இவ்வொழுங்கே கவனிக்கத்தக்கது.

அடுத்தது மதுரை மாநகர் அரவிந்த் கண் வைத்தியசாலை. அரசாங்க சேவையினின்றும் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் பதினொரு படுக்கைகளோடு இதனைத் தொடங்கினார். கீல்வாதத்தாற் கைவிரல்கள் திரிந்தவர் அவர். அக்கைகளாலேயே கண்ணிற் சத்திரசிகிச்சை செய்யப் பழகியவர். வங்கிக்கடன் எளிதிற் கிட்டாமையால் வீட்டையும் குடும்பத்தார் நகைகளையும் ஈடுவைத்தே பணியை நடத்த நேர்ந்தது. பொருளுடையோர் கட்டணம் செலுத்தினர். அவ்வரவினின்றும் இல்லாதார்க்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நிகழ்ந்தது. சத்திரசிகிச்சையின் ஒவ்வொரு படியையும் பயிற்றப்பட்ட பணியாளரிடையே பகுத்து, மருத்துவரின் நேரம் வீணாகாதபடி ஒழுங்குசெய்தமையால் ஒரு சிகிச்சைக்காகுஞ் செலவு பெரிதுங் குறைந்தது.

இங்கே நன்கொடை எவ்விடத்திற் புகுந்தது என்பதே நமக்கு வேண்டுவது. கண்புரை நீக்கியபின் கண்ணினுள்ளே பொருத்தும் செயற்கை வில்லை மேல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் விலை வறியோர்க்கு எட்டாதது. தருமமாக வந்த வில்லைகளோ போதா. ஆண்டுதோறும் வில்லை அனுப்புமாறு வேண்டியிருப்பின் ஆண்டுதோறும் இரந்துகொண்டேயிருக்க நேர்ந்திருக்கும். அவ்வாறு செய்யாது, வில்லையைத் தாமே செய்யும் ஆற்றலைப் பெற வேண்டினர். அமெரிக்க நாட்டுச் சேவா தாபனம் முதலியவற்றின் உதவியுடன் 1992 இல் அவுரோலாப் என்னுந் தொழிற்சாலை மதுரையில் எழுந்தது. அங்குச் செய்யப்பட்ட வில்லை தொடக்கத்தில் ஏறக்குறைய பத்து டொலருக்கும், பின்னர் அதனினுங் குறைந்த விலைக்கும் கிடைத்தது. பிற நாடுகளுக்கும் சென்றது. ஒருமுறை பெற்ற உதவி பலமுறை பயன்றருமாறு அமைந்தமை இதன் சிறப்பு.

மூன்றாவது வரலாறு எச்சரிக்கையாக அமைவது. தென்னாபிரிக்காவிலே சிறுவர் ஏறிச் சுழலும் இராட்டினத்தோடு நீரிறைபொறியை இணைத்து, விளையாட்டாலே நீர் மேலேறுமாறு ஒரு கருவி அமைக்கப்பட்டது. 'பிளேபம்ப்' என்பது அதன் பெயர். நீர்த்தாங்கியின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டி, அவ்வருவாயாற் கருவியைப் பழுதுபார்ப்பது என்பது ஏற்பாடு. கேட்டார் யாவரும் மகிழத்தக்க கருத்து அது. 2000 இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006 இல் 1 கோடி 64 இலட்சம் டொலர் உதவி அறிவிக்கப்பட்டது. 2010 இற்குள் 4,000 கருவிகள் நாட்டுவதாகத் திட்டம் வகுக்கப்பட்டது.

நிகழ்ந்ததோ வேறு. சிறுவர் எப்பொழுதும் விளையாடுவரோ? அவர் பள்ளியிலும் உறக்கத்திலும் இருக்கும்போது தாய்மாரும் முதியோரும் அவ்விராட்டினத்தைக் கையாற் சுழற்ற நேர்ந்தது. பலர் அதனை நாணத்தக்க செயலாகக் கருதினர். ஏழைக் கிராமத்திலே விளம்பரஞ்செய்ய வணிகர் முன்வந்திலர். ஆகவே பழுதுபட்டவை பழுதுபட்டபடியே கிடந்தன. ஒரு கருவியின் விலை ஏறத்தாழ 14,000 டொலர். வழக்கமான கைப்பம்பிகள் நான்கினை அவ்விலைக்கு நாட்டலாம் என நீர்ப்பணித் தாபனமொன்று சுட்டிக்காட்டியது. 2007 இல் யுனிசெப் தாபனத்தின் ஆய்வும் இக்குறைகளை எடுத்துரைத்தது. 2010 அளவில் திட்டம் கைவிடப்பட்டது. உதவிய தாபனமொன்று தன் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டமை பாராட்டத்தக்கது. எனினும், பழைய கைப்பம்பியைக் கழற்றிவிட்டு இதனை நாட்டிய ஊர்களுக்கு அவ்வொப்புதலால் நீர் கிடைக்குமோ?

இத்தோல்வியில் விண்ணப்பம் குறைவுடையதாயிருக்கவில்லை; விண்ணப்பம் மிக நன்றாயிருந்தமையே இடராயிற்று. கொடுப்போரின் உள்ளத்தைக் கவர்ந்த கருத்து, நீர் முகக்கும் பெண்ணிடம் கேட்டறியப்படவில்லை. நன்கொடைத்துறையின் அடிப்படை இடர்ப்பாடு இதுவே. கடையிலே பொருள் பிடிக்கவில்லையெனின் வாங்குவோன் வாங்கான். கடைக்காரன் உடனே அறிவான். நன்கொடையிலோ பணங்கொடுப்பவன் ஒருவன், பயன்கொள்பவன் வேறொருவன். பயன்கொள்பவனின் குரல் விண்ணப்பத்தினுள் ஒலிக்காவிடின் தவற்றை எடுத்துரைப்பார் எவருமிலர்.

ஆகவே விண்ணப்பம் எவ்வாறு அமைதல் வேண்டும்? தாபனங்கள் கேட்கும் வினாக்கள் பலவாயினும் அவை ஐந்தனுள் அடங்கும். குறை யாருடையது? அதனை நீர் எவ்வாறு தீர்ப்பீர்? தீர்ந்தது என்பதற்குச் சான்று யாது? எவ்வளவு பொருள் வேண்டும்? அப்பொருள் முடிந்தபின் யாது நிகழும்?

ஓர் உதாரணங் கொண்டு விளக்குவாம். நாற்பது வயதைக் கடந்த தையற்காரர், நெசவாளர் முதலியோர்க்கு வாசிப்புக் கண்ணாடியைக் குறைந்த விலைக்கு விற்கும் ஒரு முயற்சியை எடுத்துக்கொள்வோம். கீழ்வருந் தொகைகள் விளக்கத்தின்பொருட்டு யாம் கற்பித்தவை. ஒரு கண்ணாடியின் விலை 900 ரூபா. அதனை வாங்கவும் ஊருக்குக் கொண்டுசெல்லவும் ஆகுஞ் செலவு 700 ரூபா, எஞ்சுவது 200. வாடகை, சம்பளம் முதலிய மாதாந்த நிலைச்செலவு 60,000 ரூபா. எனவே மாதம் 300 கண்ணாடி விற்றால் வரவும் செலவும் ஒக்கும். முதலாண்டில் மாதம் 100 விற்குமெனின் மாதக்குறை 40,000, ஆண்டுக்குறை 4,80,000. இரண்டாமாண்டில் மாதம் 200 விற்குமெனின் ஆண்டுக்குறை 2,40,000. மூன்றாமாண்டில் 300 எட்டினாற் குறையில்லை. ஆகவே வேண்டற்பாலது 7,20,000 ரூபாவும், கண்பரிசோதனைக் கருவிகளின் விலையுமாம். இவ்வாறு காட்டப்படின், கொடுப்பவர் தொகையை மட்டுமன்றி அதன் எல்லையையுங் காண்பார். 'பத்து இலட்சம் தருக' எனக் காரணமின்றி வேண்டும் விண்ணப்பத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. சிலர் அலுவலக வாடகையும் கணக்காளர் சம்பளமும் நாணத்தக்கனபோல மறைப்பர். மறைத்த செலவு மறைந்துவிடுவதில்லை. இடைவழியில் முயற்சியை முடக்கும்.

சான்று என்பதிலும் நுட்பமொன்றுண்டு. ஆயிரம் கண்ணாடி விற்றோம் என்பது செயலின் அளவு; அதனால் மக்கள் வாழ்வு திருந்தியதா என்பது பயனின் அளவு. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்விலே அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த, நாற்பது வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளர் இரு பகுதியாராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியார்க்குக் கண்ணாடி உடனே வழங்கப்பட்டது. மற்றையோர்க்கு ஆய்வு முடிந்தபின் வழங்கப்பட்டது. கண்ணாடி பெற்றோரின் கொழுந்து பறிக்கும் அளவு, மற்றையோரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 22 வீதம் மிகுதியாக உயர்ந்தது. இத்தகைய ஆய்வைச் சிறு முயற்சிகள் தாமே நடத்தல் இயலாது. ஆயினும் பிறர் செய்த ஆய்வைச் சான்றாகக் காட்டி, தம்மூரில் ஐம்பது பேரின் வருவாயைத் தொடக்கத்திலும் ஓராண்டின் பின்னும் கேட்டெழுதுதல் யாவர்க்கும் இயலும்.

விண்ணப்பிப்போர்க்குச் சட்டவுருவமும் வேண்டும். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ, கூட்டுறவுச் சங்கமாகவோ, 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தொண்டர் சமூகசேவைத் தாபனமாகவோ பதிவுசெய்தல் கூடும். தாபனத்தின் பெயரில் வங்கிக்கணக்கும், பரிசோதிக்கப்பட்ட ஆண்டுக்கணக்கும் இல்லாத விண்ணப்பம் பெரும்பாலும் படிக்கப்படுமுன்னரே விலக்கப்படும். கொடுக்குந் தாபனம் எத்துறைக்கு, எந்நாட்டிற்கு, எவ்வளவு கொடுக்கும் என்பதை முன்னரே அறிந்து எழுதுதலும் இன்றியமையாதது. கல்விக்கே கொடுக்குந் தாபனத்திடம் கிணறு வேண்டுதல் இருவர் நேரத்தையும் வீணாக்கும். அதனினுந் தீயது, கிணறு வேண்டும் ஊருக்குக் கல்வி வேண்டுமென நிதிக்காக மாற்றி எழுதுதல். அங்ஙனம் எழுதியோர் நிதியைப் பெறுவர். ஊரோ நீரின்றி நிற்கும்.

இறுதியாக ஒன்று கூறுவாம். விண்ணப்பத்தில் வறியோரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்முன் நின்று உரக்கப் படிக்கமுடியுமா என நம்மை நாமே வினவுதல் வேண்டும். இரக்கத்தைத் தூண்டுதற்கென அவரை அறிவிலார் போலவும் செயலற்றார் போலவும் எழுதிப் பெற்ற நிதி, அவர் மானத்தை விற்றுப் பெற்ற நிதியேயாம். யோப்ராவின் பெண்கள் கடனைத் திருப்பினர். மதுரையில் இலவசமாகப் பார்வை பெற்றவர் மீண்டுந் தொழிலுக்குச் சென்றனர். அவர் இரப்போரல்லர், வாய்ப்பின்றி இருந்தோர்.

நமது கல்லூரியிற் கற்று வெளியேறுவோருட் பலர் தம்மூர்ச் சங்கங்களுக்கு எழுத்துத்துணை செய்ய அழைக்கப்படுவர். அன்று அவர் கையிலிருக்கும் எழுதுகோல், பேசவியலாதார் பலரின் பொருட்டுப் பேசுகின்றது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். தகுதியாக வேண்டுக, வேண்டியதைக் கணக்கோடு காட்டுக, தோல்வியையும் மறையாது உரைக்க, வேண்டாதிருக்கும் நாளை முதல்நாளே குறித்துக்கொள்க. 'இரவு' என்னும் அதிகாரத்தை அடுத்து 'இரவச்சம்' நிற்பதன் கருத்தும் இதுவே போலும்.