உள்ளான் தேடிப் போகிறவர்களுக்கு

ஊரப்பாக்கத்திலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு உள்ளான் பார்க்கக் கிளம்புகிறீர்களா? ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று முதலில் நாளிதழில் பாருங்கள். முழு மட்டம் 24 அடி. வடகிழக்குப் பருவமழையில் அதை நெருங்கிவிட்டால் வாத்தும் நீர்க்காகமும்தான் கண்ணில் படும். உள்ளான்களுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் ஈரச் சேறும் வேண்டும். தை பிறந்து தண்ணீர் இறங்க இறங்கத்தான் அந்தச் சேறு வெளியே தெரியும். மாசி, பங்குனி இன்னும் நல்லது. வடக்கே திரும்புவதற்காக அவை தின்று கொழுக்கும் காலம் அது.

கரைமேல் மதகுப் பக்கம் நின்றால் ஆழத் தண்ணீர்தான் தெரியும். அதற்கு எதிர்ப்புறம், மழைநீர் வந்து சேரும் உள்வாயில்தான் தரை மெல்லச் சரிகிறது. அங்கே ஓர் அடி தண்ணீர் வடிந்தாலே பெரும்பரப்பு சேறாகிவிடும். ஊரப்பாக்கம், நந்திவரம் ஏரிகளுக்கும் இதே கணக்குதான். செம்பரம்பாக்கத்தில் உள்வாய் மேற்கே இருப்பதால் சாயங்கால வெயில் முதுகில் விழும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். சேற்றில் இறங்காதீர்கள், கால் புதையும்.

அரிதான பறவையைச் சாதாரணப் பறவைகளுக்கு நடுவே தேட வேண்டும். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். கூட்டமாக ஓடி ஓடிக் கொத்தும், கால் கறுப்பு. அதே உருவத்தில் ஒன்று மட்டும் விலகி, புல்லோரமாக நிதானமாக மேய்ந்தால் காலைக் கவனியுங்கள். மங்கிய மஞ்சளோ பச்சையோ என்றால் டெம்மிங்க் கொசு உள்ளானாக இருக்கலாம். சேறு அப்பிய கால் ஏமாற்றும் என்பதால் முதுகையும் பாருங்கள்: கொசு உள்ளானைப் போல் வரிவரியாக இல்லாமல் ஒரே சாம்பல் பழுப்பாக இருக்கும், மார்பும் அப்படியே. பறக்கும்போது வாலோரம் வெள்ளை தெரியும். அதைப் பார்ப்பதற்காக விரட்டிவிடாதீர்கள். சைபீரியாவின் வடகோடிவரை போய் முட்டையிட வேண்டிய பறவை அது. சேர்த்த கொழுப்பை இங்கே வீணாகச் செலவழிக்க விடக்கூடாது.

எனக்குக் கவலையெல்லாம் உள்வாயைப் பற்றித்தான். ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடப்பதால் புறநகர் ஏரிகள் பலவற்றில் அதுதான் மனைகளாகப் போனது. மிஞ்சிய ஏரியையும் சுற்றிச் செங்குத்தாக வெட்டி, ஆழப்படுத்தி, நடைபாதை போட்டுவிட்டால் தண்ணீர் நிற்கும். உள்ளானுக்குக் கால் வைக்க இடமிருக்காது. பார்த்த பறவைகளைத் தேதி, இடம், எண்ணிக்கையோடு ஈபேர்ட் செயலியில் ஏற்றுங்கள். உங்கள் ஏரியில் தூர்வாரும் வேலை வரும்போது, உள்வாய்ச் சரிவை அப்படியே விடுங்கள் என்று கேட்க அந்தப் பதிவு கையில் இருக்கும்.