கிளட்ச் மிதிச்சும் கியர் விழலையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. கிளட்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போடப் பார்க்கிறீர்கள், லிவர் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. பின்னால் நிற்கும் பஸ் விடாமல் ஹார்ன் அடிக்கிறது. மறுபடி மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. எப்படியோ காரைத் தள்ளி ஓரங்கட்டி, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் பதில்: "கிளட்ச் போச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்."

கிளட்ச் பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். ஆனால் பிளேட் நன்றாகவே இருந்து, அதை இயக்கும் ஹைட்ராலிக் பகுதி மட்டும் கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. முன்னதுக்கு கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும். பின்னதை பெரும்பாலான கார்களில் இறக்காமலேயே சரிசெய்துவிடலாம். ரெண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம். எது பிரச்னை என்று கண்டுபிடிப்பது எப்படி? வாங்க பார்க்கலாம்.

ஹைட்ராலிக் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

மாருதி 800, ஆல்டோ போன்ற சின்ன கார்களில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கம்பி கேபிள். இன்னோவா, ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில் கேபிளுக்குப் பதில் திரவம் அந்த வேலையைச் செய்கிறது. இதுதான் ஹைட்ராலிக் கிளட்ச்.

பெடலை மிதித்ததும் அதன் பின்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், குழாயில் இருக்கும் திரவத்தைத் தள்ளும். அந்த அழுத்தம் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். ஸ்லேவ் சிலிண்டர் ஒரு ஃபோர்க்கைத் தள்ள, ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்த, கிளட்ச் பிளேட் எஞ்சினிலிருந்து விடுபடும். அப்போதுதான் கியர் ஸ்மூத்தாக விழும்.

இதற்கு பெரும்பாலான கார்களில் ஊற்றுவது பிரேக் ஆயில்தான். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அதனால் கிளட்சில் ஆயில் குறைகிறது என்றால் பிரேக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

முதல் கேள்வி: விடுபடலையா, வழுக்குதா?

கிளட்ச் கோளாறுகளை ரெண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒன்று, கிளட்ச் விடுபடவில்லை. பெடலை முழுசா மிதித்தும் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று சத்தம் வரும். ஆனால் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டால் எல்லா கியரும் சுலபமாக விழும். இப்படி இருந்தால் முதல் சந்தேகம் ஹைட்ராலிக் மேல்தான் இருக்க வேண்டும்.

இரண்டு, கிளட்ச் வழுக்குகிறது. கியரெல்லாம் நன்றாக விழும். ஆனால் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. கருகிய வாடையும் வரலாம். இது பெரும்பாலும் பிளேட் தேய்ந்துவிட்டதன் அறிகுறி. பெடலுக்கு ஃப்ரீ பிளே இல்லாமல், அழுத்தம் முழுவதும் இறங்காமல் இருந்தாலும் வழுக்கும். அதனால் இங்கேயும் பெடல் அட்ஜஸ்ட்மென்ட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெடல் ரொம்ப டைட்டாக இருக்கிறது, மிதித்தால் கிறீச் சத்தம் வருகிறது என்றால் பிரஷர் பிளேட், ஃபோர்க், ரிலீஸ் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். வெறும் ஏர் எடுத்தால் அது தீராது.

வீட்டிலேயே செய்யக்கூடிய 5 சோதனைகள்

காரை சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

1. மேட்டைப் பாருங்க: சிரிக்காதீங்க. தடிமனான ஃப்ளோர் மேட் நகர்ந்துவந்து பெடலுக்கு அடியில் சிக்கினாலே பெடல் முழுசா போகாது, கியரும் விழாது. முதலில் அதை எடுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள்.

2. ஆயில் அளவைப் பாருங்க: டப்பாவில் மேக்ஸ், மின் என்று இரண்டு கோடுகள் இருக்கும். பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பா என்றால், பிரேக் பேட் தேயத் தேய அளவு மெதுவாக இறங்குவது சகஜம். ஆனால் நிரப்பிய சில நாட்களிலேயே மறுபடி இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது. ஆயில் கறுத்துப்போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

3. பம்ப் பண்ணிப் பாருங்க: எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் வைத்து, கிளட்சை ஒரே முறை மிதித்து, சில விநாடி கழித்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால், வேகமாக நாலைந்து முறை மிதித்துவிட்டு மறுபடி முயலுங்கள். இப்போது கியர் சுலபமாக விழுந்தால், லைனில் காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டரில் கசிவு இருக்கிறது என்று பொருள். பிளேட் கெட்டிருந்தால் பம்ப் பண்ணுவதால் பெரிய மாற்றம் இருக்காது.

4. மிதித்தபடியே காத்திருங்க: ஒரு கால் பிரேக்கில் அழுத்தமாக இருக்கட்டும். கிளட்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டு அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் தானாக இறங்கினாலோ, கார் மெல்ல முன்னால் இழுத்தாலோ மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால், வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமலே அழுத்தம் குறைந்துவிடும். 'லீக் எதுவும் இல்லையே' என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

5. ஈரத்தைத் தேடுங்க: கிளட்ச் பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் கம்பி நுழையும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. கியர்பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் கோளாறு அங்கே. தொட்டுப் பார்த்த கையை உடனே கழுவிவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டையே அரித்துவிடும்.

மெக்கானிக்கிடம் இந்த ஒரு சோதனையைக் கேளுங்க

ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியும் கார்களில், ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு நகர வேண்டும் என்பது அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கம்பி லேசாக மட்டும் அசைந்தால் ஹைட்ராலிக் பகுதியில்தான் பிரச்னை. முழுசா நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் பிளேட், ஃபோர்க், பேரிங் என்று உள்ளே கோளாறு, கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். சில நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டரும் ரிலீஸ் பேரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அது ஒழுகினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டும். அப்படிப்பட்ட கார்களில் ஸ்லேவ் சிலிண்டரை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். எப்படியும் இறக்குகிறோம் என்பதால் அப்போதே பிளேட்டையும் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஏர் எடுப்பது எப்படி?

திரவத்தை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால்தான் லைனில் காற்றுக் குமிழி புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி ஆகிறது. அதை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் எடுக்கிறது' என்கிறார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

டப்பாவை மேக்ஸ் கோடு வரை நிரப்புங்கள். ஸ்லேவ் சிலிண்டரில் இருக்கும் நிப்பிளில் ஒரு கண்ணாடி டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயிலும் குமிழியும் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

குமிழி நிற்கும் வரை இதையே செய்யுங்கள். இடையிடையே டப்பாவைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா காலியானால் மொத்த வேலையும் வீண். காரை ஜாக்கியில் தூக்கினால் ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் போகவே கூடாது.

ஏர் எடுத்தும் சில நாட்களில் பெடல் மறுபடி இறங்குகிறதா? காற்று போக ஒரு வழி இருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டருக்கு வாஷர் கிட் மட்டும் மாற்றலாம். ஆனால் சிலிண்டரின் உள்சுவரில் கீறல் விழுந்திருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழிந்துவிடும். அப்போது சிலிண்டரையே மாற்றுவதுதான் சரி.

கையில் கிடைத்த ஆயிலை ஊற்றாதீங்க!

பிரேக் ஆயில் என்று பெயர் இருந்தாலும் அது எஞ்சின் ஆயில் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் கிடையாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பிவிடும். ஒரே டப்பா கொண்ட கார்களில் பிரேக்கும் சேர்ந்து கெடும். இது உயிருக்கே ஆபத்து. டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, இவற்றோடு அதைக் கலக்கக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். அதனால்தான் பழைய ஆயில் உள்ள காரில், டிராஃபிக்கில் எஞ்சின் சூடேறியதும் பெடல் லூசாகி, ஆறியதும் சரியாவது போலத் தெரியலாம். பல கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் காரின் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாகத் திறந்து கிடந்த பாட்டிலைப் பயன்படுத்த வேண்டாம்.

நடுரோட்டில் பெடல் விழுந்துவிட்டால்?

பதற வேண்டாம். பிரேக்கில் காலை வைத்து கியரை நியூட்ரலுக்கு இழுங்கள். ஹசார்ட் லைட் போட்டு ஓரமாக நிறுத்துங்கள். பெடல் தரையோடு ஒட்டியிருந்தால் காலால் கொக்கி போட்டு மேலே தூக்கலாம். சில முறை பம்ப் பண்ணினால் தற்காலிகமாக கியர் விழக்கூடும்.

ஆனால் அதற்கு முன் பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள். அதுவும் லூசாக இருந்தால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். வண்டியை டோ பண்ணி எடுத்துப்போவதே பாதுகாப்பு. மலைப்பாதையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை யாராவது "கிளட்ச் போச்சு" என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஆயில் எங்கே ஒழுகுது? ஏர் எடுத்துப் பார்த்தீங்களா? ஸ்லேவ் கம்பி முழுசா நகருதா? இதற்குப் பதில் வந்த பிறகு கியர்பாக்ஸை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் மறக்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள்.