மாட்டுக்கு முதற் கட்டு

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், காவேரிப் பாசனப் பிரதேசத்துச் சாலைகளில் லாரி லாரியாக வைக்கோல் போவதைக் காணலாம். இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். வைக்கோலில் அதிசயம் இல்லை. அதன் வடிவத்திலேதான் இருக்கிறது. முன்பு உதிரியாகப் பாரம் ஏற்றிய வைக்கோல், இப்போது கல்யாண வீட்டுத் திண்டுகளைப் போல் உருளை உருளையாகக் கட்டப்பட்டு, கேரளத்துக்கும் மேற்கு ஜில்லாக்களுக்கும் பிரயாணம் செய்கிறது.

அரிவாளால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில், வைக்கோலை உலர்த்திக் கொல்லையில் போர் போடுவார்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்படி போரின் உச்சியை அமைப்பது ஒரு தனிக் கலை. வருஷம் முழுவதும் அந்தப் போரிலிருந்து பிடுங்கிப் போட்டே மாடுகளைக் காப்பாற்றினார்கள்.

இப்போது அறுவடை யந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்தெடுத்துவிட்டு, வைக்கோலைப் பின்னால் உதிர்த்துச் செல்கிறது. அதைக் கையால் வாரிச் சேர்க்க ஆளும் அகப்படுவதில்லை; அகப்பட்டாலும் கூலி கட்டுவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 'பேலர்' என்னும் கட்டும் யந்திரம். டிராக்டரின் பின்னால் பூட்டிய இந்த யந்திரம், தன் இரும்பு விரல்களால் வைக்கோலை வாரி உள்ளே இழுத்து, சுருட்டி இறுக்கி, கயிறு சுற்றி, வெளியே உருட்டிவிடுகிறது. பத்து ஆள் வேலையை அது எளிதில் முடித்துவிடுகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கட்டுவது சுலபமானதும் விற்பதும் சுலபமாகிவிட்டது. சிறு விவசாயி ஏமாறும் இடம் இதுவே. அறுவடைச் சமயத்தில் எல்லா வயலிலும் வைக்கோல் கிடக்கிறது. அடுத்த சாகுபடிக்கு வயலை ஒழிக்க வேண்டிய அவசரமும் இருக்கிறது. ஆகவே வியாபாரி சொன்னது விலையாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டு மேய்ச்சல் நின்றதும், அதே விவசாயி கூடுதல் விலை கொடுத்து வைக்கோல் தேடி அலைகிறார். கிடைக்காவிட்டால் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறார். வைக்கோல் விற்ற பணம் சில நூறு. போன பசுவின் விலையோ பல ஆயிரம்!

இதற்குப் பரிகாரம் ஒரு சிறு கணக்குத்தான். பசும்புல்லும் பிண்ணாக்கும் நீங்கலாக, ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 1,825 கிலோ ஆகிறது. கட்டு ஒன்று 20 கிலோ நிறை இருந்தால், பசு ஒன்றுக்கு 92 கட்டுகள் வேண்டும். இதை ஒதுக்கி வைத்த பிறகு மிஞ்சுவதே விற்பனைக்குரியது.

விற்கும்போதும் விழிப்பு வேண்டும். கட்டுகளை எண்ணி விலை பேசுவது வழக்கம். ஆனால் எல்லாக் கட்டும் ஒரே நிறையுள்ளவை அல்ல. யந்திரத்தின் இறுக்கத்தைப் பொறுத்து நிறை மாறும். நாலைந்து கட்டுகளை நிறுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுபவருக்கு நஷ்டமில்லை. கட்டுவதற்குத் தரும் வாடகையையும் கட்டுக்கு இவ்வளவென்று அதனுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஈரமான வைக்கோலை ஒருபோதும் கட்டலாகாது. இறுகிய கட்டின் உள்ளே ஈரம் இருந்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே பொன்னிறமாயிருக்கும் கட்டு உள்ளே கறுத்திருக்கும். அத்தகைய தீவனம் மாட்டுக்கு நோயைத் தரும். கட்டுகளைத் தரையில் வைக்காமல், பனங்கட்டை அல்லது செங்கல் பரப்பி அதன்மேல் அடுக்குவது நலம். தீவனம் போடும்போது கட்டிய கயிற்றை மறவாமல் அகற்றிவிட வேண்டும். பசுவின் வயிற்றில் போன நைலான் கயிறு ஜீரணமாவதில்லை; உயிருக்கே ஆபத்தாக முடியும்.

வெறும் வைக்கோலில் சத்து குறைவு. புரதம் நூற்றுக்கு 4 பங்குகூடத் தேறுவது அரிது. இதைப் பெருக்க ஒரு வழி உண்டு. 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முற்றிலும் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் படிப்படியாகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு சற்று ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. கரைசலை மாடு குடித்துவிட்டால் விஷமாகும். ஆகையால் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வதே உசிதம்.

நிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்கியிருக்கிறது. மாடு தின்றால் அது சாணமாகி எருவாகி வயலுக்குத் திரும்பும். லாரி ஏறிப் போனால் திரும்பாது. அந்தச் சத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வயலிலே கொளுத்தினாலோ தழைச்சத்து புகையாய்ப் போகிறது; மூச்சுத் திணறல்தான் மிச்சம்.

யந்திரத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வந்ததனால்தான் சேற்றில் மட்க இருந்த வைக்கோல் காசாகிறது. முதற் கட்டு நம் தொழுவத்துக்கு, அடுத்த கட்டு சந்தைக்கு என்ற வரிசை மட்டும் மாறாதிருந்தால் போதும். பாலும் எருவும் வீட்டில் நிற்கும். பணமும் பின்னால் வரும்.