ஒரு யூனிட்டுக்கு எத்தனை மிதி?

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயலைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லாரிகளில் பழைய இரும்பு ஏற்றியவை பல. அந்த இரும்பு அங்குள்ள மின் உலைகளில் உருகிக் கட்டடக் கம்பியாக வெளியே வருகிறது. ஒரு டன் இரும்பை உருக்கச் சுமார் 600 யூனிட் மின்சாரம் வேண்டும். உலையில் வேலை பார்ப்பவரின் பிள்ளை பத்தாம் வகுப்பில், ‘ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடும். ஆனால் 36 லட்சம் ஜூல் அதிகமா, கொஞ்சமா என்று கேட்டால் பதில் வராது. பெரியவர்களிடம் கேட்டாலும் வராது. அதைக் காலால் உணர வைக்கிறது, மிதித்தால் மின்சாரம் தரும் மிதி இயந்திரம்.

இதைச் செய்யப் பெரிய பட்டறை தேவையில்லை. பின்சக்கரம் தரையில் படாதபடி ஒரு பழைய சைக்கிளை இரும்புச் சட்டத்தில் நிறுத்த வேண்டும். பின் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் மேல் ஒரு பெல்ட்டைப் போட்டு, அதை நிரந்தரக் காந்தம் உள்ள 24 வோல்ட் டிசி மோட்டாரின் சின்னப் புல்லியோடு இணைக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தால் சுற்றும் அதே மோட்டார், சுற்றிவிட்டால் மின்சாரம் கொடுக்கும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் செயினும் பெல்ட்டும் சேர்ந்து மோட்டாரை ஆயிரத்து ஐநூறு முறைக்கு மேல் சுழல வைக்கும்; 12 வோல்ட் பல்புகள் எரிய அது போதும். கார் ஆல்டர்னேட்டரைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் காந்தத்தை உசுப்பவே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும், வேகமும் கூடுதலாகத் தேவை. குழந்தையின் காலுக்கு அது சரிவராது.

மோட்டாருக்கும் பல்புகளுக்கும் நடுவில் ஒரு வாட் மீட்டர் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிசி மீட்டர்கள் வோல்ட், ஆம்பியர், வாட், வாட் மணி நான்கையும் காட்டுகின்றன. இந்த மீட்டர் இல்லாவிட்டால் இயந்திரம் வெறும் வேடிக்கைப் பொருள்தான்.

முதலில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை மட்டும் இணைத்து மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் லேசாகச் சுற்றும். அடுத்து, பைக் பிரேக் லைட்டில் வரும் 21 வாட் இழை பல்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது பல்புக்கே கால் இறுகும். ஐந்தாவதில், மீட்டர் 100 வாட்டை நெருங்கும்போது, ஏற்றத்தில் மிதிப்பது போல மூச்சு வாங்கும். சைக்கிளில் எதையும் நாம் மாற்றவில்லை. மின்சாரம் கூடுதலாக ஓட ஓட, மோட்டாரின் சுருளில் உண்டாகும் காந்தப்புலம் சுழற்சியை அந்த அளவுக்கு எதிர்க்கிறது. ஹென்ரிக் லென்ஸ் 1834-இல் சொன்ன விதி இது. கேட்கும் மின்சாரத்துக்கு ஏற்ற உழைப்பை யாரோ கொடுத்தே ஆக வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைப்பது கடினம். இங்கே அது முழங்காலில் தெரிகிறது.

வாட்டுக்கும் யூனிட்டுக்கும் உள்ள வேறுபாடும் இந்த இடத்தில்தான் தெளியும். வாட் என்பது வண்டியின் வேகம் என்றால், யூனிட் அது கடந்த தூரம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர் ஒருவர் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 100 வாட். சிறுவர்கள் அதில் பாதி தந்தாலே அதிகம். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் 100 வாட்டில் ஒரு மிதிக்கு 100 ஜூல். 10 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலை அது. ஒரு யூனிட் சேர 10 மணி நேரம், 36,000 மிதி. வீட்டு மின் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். முகப்பில் 3200 என்று போட்டிருந்தால், 3,200 மினுக்கலுக்கு ஒரு யூனிட். கணக்குப் போட்டால் பதினோரு மிதிக்கு ஒரு மினுக்கல்!

விளையாட்டு வீரர்களுக்கும் இதே கணக்குதான். லண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற ஜெர்மானிய சைக்கிள் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டெமன், 700 வாட் டோஸ்டரில் ஒரு ரொட்டித் துண்டை வாட்ட மிதித்த காட்சி 2015-இல் உலகம் முழுக்கப் பரவியது. ரொட்டி வாடியது, அவர் தரையில் சாய்ந்தார். கிடைத்தது 0.021 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் பத்துப் பைசா.

அதே 2015-இல் வந்த ‘பில்லியன்ஸ் இன் சேஞ்ச்’ ஆவணப்படத்தில், லக்னோவில் பிறந்த அமெரிக்கத் தொழிலதிபர் மனோஜ் பார்கவா ஒரு மிதி ஜெனரேட்டரைக் காட்டினார். ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு கிராமத்து வீட்டுக்கு ஒரு நாள் மின்சாரம் என்றார். ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 100 வாட் மணி. இரண்டு எல்.இ.டி. விளக்கை ஐந்து மணி நேரம் எரிக்கலாம். 75 வாட் மின்விசிறி என்றால் 80 நிமிடத்தில் நின்றுவிடும். எந்த வீடு என்று கேட்காமல் அந்தப் பேச்சை நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. அப்படிக் கேட்கப் பழக்குவதே இந்த இயந்திரத்தின் வேலை. மின்சாரப் பற்றாக்குறைக்கு இதைத் தீர்வாகக் குழந்தைகளிடம் சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. காலின் உழைப்பை நேரடியாகப் பயன்படுத்துவது வேறு. மலப்புரத்தின் ரெம்யா ஜோஸ் மாணவியாக இருந்தபோது உருவாக்கிய மிதி துவைப்பு இயந்திரம் இடையில் மின்சாரமே இல்லாமல் துணி துவைக்கிறது.

இப்போது ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒரு டன் இரும்பின் 600 யூனிட்டுக்கு ஒருவர் 6,000 மணி நேரம் மிதிக்க வேண்டும். தினம் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டுக்கு மேல். தமிழக வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசம் என 2016-இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டுக்கு, ஒருவர் அந்த இரண்டு மாதமும் தினம் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் மிதித்தாக வேண்டும். கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்து வல்லூர் அனல்மின் நிலையத்தின் முழுத் திறன் 1,500 மெகாவாட். ஒன்றரைக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் மிதிப்பதற்குச் சமம். அத்தனை பேருக்குப் பதிலாக அங்கே நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பலையும் புகையையும் எண்ணூர் வட்டார மக்கள்தான் சுமக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காயலான் கடைச் சைக்கிளும், சட்டம் பற்றவைக்கத் தெரிந்த கைகளும் இந்த வட்டாரத்தில் ஏராளம். பள்ளிக்கு ஓர் இயந்திரம் செய்து கொடுங்கள். பெல்ட்டும் செயினும் விரல் நுழையாதபடி தகடு போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும். 12 வோல்ட்டைத் தாண்டி 230 வோல்ட்டுக்கு மாற்றும் இன்வெர்ட்டர் எதையும் குழந்தைகள் கையில் தரக் கூடாது. மீட்டரை மட்டும் மிதிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேராக வையுங்கள்.