மாதுளைக்குக் குளிர் வேண்டும். ஆப்பிளுக்குரிய குளிர் வேண்டாம்

மதுரை கோரிப்பாளையத்திலிருந்து அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லும் சாலையில் மாதுளைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆனால் தேவை ஆண்டு முழுவதும் இருந்தாலும் விலை ஒரே சீராக நிற்பதில்லை. மகாராஷ்டிர மாநிலத்துச் சோலாப்பூர், நாசிக் பகுதிப் பழங்கள் லாரி லாரியாக வந்து இறங்கும் நாட்களில் உள்ளூர்ப் பழத்தைக் கேட்பாரில்லை. இரண்டு மாதம் தாக்குப் பிடித்தால் நல்ல விலை பார்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துச் சிறு விவசாயிகள் குளிர்பதனக் கிட்டங்கியை நாடுகின்றனர். அங்கேதான் பலருக்கு முதலும் நட்டமாகிறது.

கிட்டங்கியிலிருந்து எடுக்கும்போது பழம் பளபளவென்று நன்றாகவே இருக்கும். கடைக்குப் போய் மூன்று நாள் ஆவதற்குள் தோல் பழுத்த இலை போல் நிறம் மாறி, ஆங்காங்கே சிறு குழிகள் விழும். உடைத்துப் பார்த்தால் முத்துக்கள் வெளுத்தும், அவற்றைப் பிரிக்கும் வெள்ளைச் சவ்வு பழுப்பேறியும் காணப்படும். வியாபாரி விவசாயியைக் குறை கூறுவார். விவசாயி கிட்டங்கிக்காரரைக் குறை கூறுவார். உண்மையில் பழம் கெட்டது கடையில் அல்ல. அதிகக் குளிரில் அடிபட்ட பழம், வெளிச் சூட்டுக்கு வந்தபின்தான் அந்தக் காயத்தைக் காட்டுகிறது.

ஆப்பிள் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் மாதக் கணக்கில் கிடக்கும். அதே அறையில் மாதுளையையும் அடுக்கிவிடுவதுதான் பெரும் தவறு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 1984-ல் வெளியான ஆய்வில், 5 டிகிரி சென்டிகிரேடோ அதற்குக் கீழோ ஒரு மாதத்துக்கு மேல் வைத்த பழங்களில் குளிர்க்காயம் தெரிந்தது. இரண்டு மாதம் வரை வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு மேலும் வைக்க வேண்டுமானால் சுமார் 7 டிகிரியே நல்லது என்பது அந்த ஆய்வின் முடிவு. நம் விவசாயிகள் 7 டிகிரியையே கேட்டு வாங்குவது நலம். இரண்டு டிகிரி கூடினால் அழுகல் சற்றுக் கூடலாம். ஆனால் அழுகிய பழத்தைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எறிந்துவிடலாம். குளிரில் அடிபட்ட பழத்தை அப்படிப் பொறுக்க முடியாது.

வெப்ப நிலைக்கு அடுத்தது ஈரப்பதம். மாதுளையின் தோல் தடித்து, செருப்புத் தோல் போல் இருப்பதால் அதன் வழியே நீர் வெளியேறாது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. அத்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. அவற்றின் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நூறு கிலோவுக்கு 5 கிலோ எடை குறைந்தாலே சுருக்கம் தென்படும். பின்னர் தோல் மரக்கட்டையாக இறுகிவிடும். உள்ளே முத்துக்கள் நன்றாக இருந்தாலும் வாங்குகிறவர் வெளித்தோலைப் பார்த்துத்தானே விலை சொல்லுவார்? எனவே அறையில் ஈரப்பதம் 90 முதல் 95 சதம் வரை இருக்க வேண்டும்.

விருதுநகர்ப் பக்கத்துக் குளிர்பதனக் கிட்டங்கிகள் பலவும் வற்றல், மல்லி போன்ற உலர்ந்த சரக்குகளுக்காக நடப்பவை. வற்றலுக்கு ஈரம் ஆகாது. ஆகவே அங்கே காற்றை வறட்சியாகவே வைத்திருப்பார்கள். வாடகை மலிவு என்று மாதுளையை அங்கே கொண்டுபோய்ப் போட்டால், வற்றலோடு சேர்ந்து மாதுளையும் வற்றும். நெடியும் ஏறும். பழத்துக்கென்று தனி அறை உள்ள கிட்டங்கிதானா, அறையில் வெப்பமானியும் ஈரமானியும் இருக்கின்றனவா என்று நேரில் பார்த்த பின்னரே சரக்கை இறக்க வேண்டும். பார்க்க விடாத இடத்தில் வைக்காமலிருப்பதே மேல்.

அறை வறட்சியாக இருந்தால் பாலிதீன் தாள் ஓரளவு கைகொடுக்கும். பெட்டியின் உட்புறத்தில் சிறு துளைகள் இட்ட தாளை விரித்து, பழங்களை அடுக்கி, மேலே மடித்து மூடலாம். பழத்தின் சூடு தணியும் முன்னர் தாளை மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். முதலில் குளிரூட்டல், பிறகு மூடுதல்.

கிட்டங்கி எவ்வளவு நல்லதானாலும், போன பழத்தைவிடச் சிறந்த பழம் அங்கிருந்து வரப்போவதில்லை. மாதுளை, மாவையும் வாழையையும் போலப் பறித்தபின் பழுக்கும் இனம் அன்று. பிஞ்சாகப் பறித்தால் புளிப்பாகவே நின்றுவிடும். பூத்து ஐந்து, ஆறு மாதத்தில் பழம் முதிரும். அப்போது உருண்டைப் பழத்தின் பக்கங்கள் சற்றுத் தட்டையாகி விளிம்பு கட்டும். அடியிலுள்ள கிரீடத்தின் இதழ்கள் உட்புறமாக மடியும். விரலால் சுண்டினால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஓசை கேட்கும். அதற்கு மேலும் மரத்தில் விட்டால் வெடிக்கும். வெடித்த பழம், துளைப்பான் புழு குடைந்த பழம், கரும்புள்ளி நோய் கண்ட பழம் ஆகியவற்றை அன்றைக்கே விற்றுவிட வேண்டும். சேமிப்புக்கு அவை ஆகா.

காலை வெயில் ஏறுமுன், இழுத்துப் பறிக்காமல், கத்தரியால் காம்பை ஒட்ட நறுக்கி எடுக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு அடுத்த பழத்தைக் குத்தும். கிரீடத்துக்குள் காய்ந்து கிடக்கும் மகரந்தத் தூளும் தூசியும்தான் சாம்பல் பூசணத்துக்கு வீடு. மெல்லிய தூரிகையால் அதைத் தட்டிவிடுவது சிறு வேலைதான், பலரும் செய்வதில்லை. பறித்த பழத்தை நிழலில் வைத்து, அன்றைக்கே, தவறினால் மறுநாளைக்குள், குளிருக்கு அனுப்ப வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு பகல் சாலையோரம் கிடந்த மூட்டையை எந்தக் கிட்டங்கியும் மீட்டுத் தராது.

வைத்தபின் வாரம் ஒரு முறையேனும் பெட்டிகளைப் பார்த்து அழுகலைப் பொறுக்க வேண்டும். மாதம் ஒரு முறை பத்துப் பழங்களை வெளியே எடுத்து, மூன்று நாள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்ப்பது மிகவும் பயன்தரும். அவற்றில் தோல் நிறம் மாறினால், விலைக்குக் காத்திராமல் மொத்தத்தையும் உடனே விற்றுவிடலாம்.

லாபக் கணக்கையும் முன்கூட்டியே போட வேண்டும். இன்றைய விலை கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோவுக்கு 80,000 ரூபாய். இரண்டு மாதத்தில் எடைக் குறைவும் கழிவும் போக 920 கிலோ மிஞ்சி, விலை 95 ரூபாய்க்கு ஏறினால் 87,400 ரூபாய். ஆக, கிலோவுக்கு 15 ரூபாய் ஏறியும் கையில் கூடுவது 7,400 ரூபாய்தான். வாடகை, வேன் கூலி, பெட்டி, ஆள் கூலி எல்லாம் அதற்குள் அடங்காவிட்டால் வைக்காமல் விற்பதே புத்திசாலித்தனம்.

ஐம்பது, நூறு கிலோ மட்டும் கையில் உள்ளவர்களுக்குக் கிட்டங்கி தேவையில்லை. புதுதில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வகுத்த, மின்சாரம் வேண்டாத குளிர் அறை போதும். நிழலில் ஐந்தரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், இரண்டே கால் அடி உயரத்தில் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் மூன்று அங்குலச் சந்தில் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். மணலையும் கல்லையும் காலை, மாலை நனைத்து, மேலே ஈரச் சாக்கால் மூட வேண்டும். வறண்ட கோடையில் உள்ளே வெளியைவிட 10 டிகிரிக்கு மேலும் சூடு குறையும். மாதக் கணக்கில் வைக்க இது உதவாது. சந்தை விழுந்த வாரத்தைக் கடத்த உதவும். மழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுவதால் அறை அவ்வளவாகக் குளிராது. அந்நாட்களில் சாக்கை நனைக்காமல் பழத்தை உடனுக்குடன் விற்றுவிடலாம்.